சிவப்புக்குப் போகாத முள்

"எதையும் தொடாதம்மா" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு ஏட்டு டீ குடிக்கப் போனதும், ஸ்டேஷன் வாசலில் நிமிர்த்தி நிறுத்தியிருந்த லாரியின் படியில் அம்சவள்ளி கால் வைத்து ஏறினாள். அரியலூர் ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் பஞ்சநாதனை இன்னும் அறுத்து முடிக்கவில்லை. முடித்துக் கொடுத்ததும் ஊருக்குக் கொண்டுபோய்க் கொள்ளி வைக்க வேண்டும். ஆண் பிள்ளை கிடையாது. முறைப்படி அவர் தம்பி வேல்முருகன்தான் வைக்கவேண்டும். அந்தத் தம்பியைத்தான் அவள் நேற்றிலிருந்து நம்பவில்லை.

நேற்று சுண்ணாம்புக்கல் லோடோடு சுரங்கத்து மேட்டில் ஏறும்போது இஞ்சின் வெந்து நின்றுபோனது. பிரேக் தாங்காமல் லாரி பின்னால் உருண்டு கவிழ்ந்தது. அந்த இஞ்சினுக்கு இழுவை கூட்டுகிற டர்போ மாட்டியவன் வேல்முருகன். மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறவன். ஆடி மாதம் அண்ணனும் தம்பியும் அவள் வீட்டில் உட்கார்ந்து போட்ட சண்டை இன்னும் அவள் காதில் இருக்கிறது.

"கிட்டுல டர்போவும் பைப்பும்தாண்ணே வரும். மத்ததெல்லாம் நாமதான் பாத்து வாங்கணும். பெரிய ரேடியேட்டர், ஆயில் கூலர், அப்பறம் மீட்டரு."

"மீட்டரா லோடு இழுக்கப் போவுது?"

"சூடு எவ்வளவுன்னு தெரியாம ஓட்டுனா இஞ்சினு வெந்துரும்ண்ணே. காத்துக்கு ஒண்ணு, ஆயிலுக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு. சூடு ஏறுனா கத்துற மாதிரி பஸ்ஸரும் வச்சிடறேன்."

திருச்சிக்குப் போய் எல்லாவற்றையும் அவனே பொறுக்கி வாங்கிவந்தான். கத்தவேண்டிய பஸ்ஸர் நேற்று ஏன் கத்தவில்லை?

"பழைய மீட்டரா மாட்டியிருப்பான் வள்ளி" என்று அவள் அண்ணன் மதுரைவீரன் காலையிலிருந்து ஓதிக்கொண்டிருந்தான். "ஒடம்ப வெளிய எடுத்ததும் திரும்ப வண்டிக்குள்ள பூந்து, மீட்டருக்கு அடியில கைய வுட்டானாம். பாத்தவங்க சொல்றாங்க."

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் வேல்முருகனையே கேட்டாள். "தம்பி, வண்டிக்குள்ள என்னத்தத் தேடுனீங்க?"

"ஒண்ணுமில்லண்ணி."

இஞ்சின் என்று வாயெடுத்தால் சோறு ஆறிப்போகும்வரை பேசுகிறவன். இன்று தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தையோடு நிறுத்தினான். குற்றமுள்ள மனசு அப்படித்தான் நிற்கும் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

கண்ணாடி நொறுங்கிய கேபினில் மூன்று மீட்டர்களும் பல் இளித்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒயர்க் கொத்துக்குப் பின்னால் ஒரு ஒயரை மட்டும் யாரோ ஆழமாகத் திணித்திருந்தார்கள். இழுத்தாள். பிடுங்கிய ஒயர். சூட்டு மீட்டருக்கும் பஸ்ஸருக்கும் போகிற ஒயர்தான்; அது இல்லாமல் முள் ஏறாது, பஸ்ஸர் கத்தாது. அதன் நுனியை மடக்கிச் சுற்றியிருந்தார்கள்.

சுற்றியிருந்தது கறுப்பு டேப் அல்ல, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி.

வேல்முருகன் ஷெட்டில் கறுப்பு டேப்புக்குப் பஞ்சமில்லை. பிளாஸ்திரி இருந்தது அவள் வீட்டுக் கண்ணாடி மாடத்தில். போன வாரம் அது பாதியாகக் குறைந்திருந்தது. கேட்டதற்கு, கையில் கீறல் என்றார் பஞ்சநாதன். கையில் கீறலைக் காணோம். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

பஸ்ஸர் கத்தினால் வண்டியை ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். அதற்குள் பின்னால் வருகிற லாரிகள் முந்திக்கொண்டு போய் சிமெண்ட் ஆலை வாசலில் வரிசை பிடித்துவிடும். "அந்தக் கழுத கத்திக் கத்தியே என் வரிசை போவுதுடி" என்று தினமும் புலம்பியவர், திடீரென்று ஒருநாள் புலம்பலை நிறுத்தினார். "இப்பல்லாம் முள்ளு செவப்புப் பக்கமே போவல, வண்டி தங்கம்" என்றார். தம்பிதான் ஏதோ சரிசெய்து கொடுத்திருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

செத்துக் கிடக்கிற மனுஷன்மேல் அவளுக்குக் கோபம் பொங்கியது. வரிசைக்காகவா? ஒரு வரிசைக்காகவா? அழுகையும் கூடவே வந்தது. தம்பி கையை விட்டது எதற்கென்றும் புரிந்தது. ஊர் தன்னைக் கொலைகாரன் என்றாலும் பரவாயில்லை, அண்ணனை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அவன் இதை உள்ளே திணித்திருக்கிறான்.

"என்ன வள்ளி, ஏதாச்சும் ஆப்புட்டுச்சா?" கீழேயிருந்து மதுரைவீரன் கேட்டான்.

அவள் ஒயரை இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினாள்.

"கை எட்டலண்ணே."

சாயங்காலம் ஊரில் பாடை கட்டி முடித்துவிட்டார்கள். கொள்ளிச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் பெரியவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வேல்முருகன் பந்தலுக்குள் வரவே இல்லை. தெருக்குழாய்ப் பக்கம் தனியாக நின்றிருந்தான்.

அம்சவள்ளி எழுந்து, கோடி வேட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

"தம்பி, குளிங்க. நேரமாவுது."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாம குளிங்க" என்றாள்.

அவன் குழாயைத் திறந்து அதன் அடியில் குந்தினான். தண்ணீர் தலையில் கொட்டிக்கொண்டே இருந்தது. தோள் குலுங்கியது. அவள் வேட்டியை நனையாமல் மார்போடு சேர்த்துப் பிடித்தபடி, திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றாள்.