கிணறு உண்டா?

2024 ஜூன் 11 அன்று பரளச்சி கிராமத்துச் சவுந்தரத்தின் விதவை உதவித்தொகை நின்றது. புஞ்சையில் கிணறு இருப்பதால் அவர் ஏழை அல்ல என்றது வறுமைக் கணக்கெடுப்பு.

'கிணறு உண்டா?' போன்ற அதன் கேள்விகளைப் பல அரசுகளுக்கு எழுதிக் கொடுத்த பொருளாதார நிபுணர் தாவீதுராஜ், சவுந்தரத்தின் அண்ணன் மகன். ஜெனீவாவிலிருந்து வந்தவரைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார் சவுந்தரம். உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது.

"தண்ணி கெடக்கான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலியாடா?"

"நான் நீச்சப் பழகுன கெணறு, அத்தை. அப்ப ததும்புச்சு."

"அத நெனச்சா எழுதுன? இந்த முள்ள அவிச்சா திங்கச் சொல்ற?"

தாவீதுராஜ் அன்றே திருத்தம் கேட்டு அரசுக்கு எழுதினார். அடுத்த கணக்கெடுப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அது 2029இல். அறுபத்தெட்டு வயது சவுந்தரம் இப்போது பக்கத்து ஊரான எம்.ரெட்டியபட்டிக்குக் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போகிறார்.