பனியில் அகஸ்ரின் போன வழி

1994ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்தின கிழமையிலிருந்து அகஸ்ரின் பனியில் கால் வைத்தால் மானின் குளம்படிதான் விழுந்தது. மல்வேர்னில் தங்கள் ரவுண்ஹவுஸ் வரிசைவீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தவர் நாரி நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தபோது, கதவடியிலிருந்து தான் நிற்கிற இடம்வரை நல்ல பருவமான கலைமான் ஒன்று நடந்து வந்திருப்பதைக் கண்டார். மானைத் தேடினார். காணவில்லை. இன்னும் இரண்டடி வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஐம்பது வயதில் மனிசருக்கு என்னென்னவோ வருகிறது, சீனி வருத்தம், கொலஸ்ரரோல், முழங்கால் நோ என்று. அவருக்கு இது வந்தது.

முதலில் எல்லோரும் சப்பாத்தைத்தான் குற்றம் சொன்னார்கள். எங்கள் ஆட்களின் விருந்தென்றால் வாசலில் சப்பாத்து மலைபோலக் குவிந்து கிடக்கும், போகும்போது அவரவர் அகப்பட்டதைக் கொழுவிக்கொண்டு போவார்கள், ஆகவே எவருடையதோ மாறி வந்துவிட்டது என்றார் அவர் மனைவி செலீன். புதுச் சப்பாத்து வாங்கினார்கள். அதுவும் குளம்படிதான். ஒருநாள் வெறுங்காலோடு பின்வளவில் நடந்து பார்த்தார், தடிமன் பிடித்ததுதான் மிச்சம். குடும்ப வைத்தியர் இரண்டு பாதத்தையும் புரட்டிப் பார்த்து, காலில் ஒரு குறையுமில்லை, தோல்தான் வரண்டிருக்கிறது என்று களிம்பு எழுதிக்கொடுத்தார். கோயில் வாசலில் தடத்தைக் கண்ட பாதர், பூசைக்கு நேரத்துக்கு வந்தால் சரி என்றார். ஒரு மாதத்தில் மல்வேர்ன் சனம் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வாடகை ஏறுவதைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

அகஸ்ரினுக்கு வேட்டையென்றால் உயிர். மன்னாரிலிருந்து இந்தப் பனி நாட்டுக்கு வந்து, கார்ப் பிரேக் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, செலீன் தலையில் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள முறைப்படி லைசென்ஸ் எடுத்தவர். ஒவ்வொரு கார்த்திகையும் மான் வேட்டை திறந்ததும் சிநேகிதன் சீமோனின் வான் வண்டியில் வடக்கே காட்டுக்குப் போவார். அநேகமான வருடம் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். சீமோனுக்கு அது மானப் பிரச்சினை. அகஸ்ரினுக்கு அதொன்றுமில்லை. ஒரு மரத்தில் சாய்ந்து, விடிந்ததிலிருந்து பொழுது படுமட்டும், ஒருவருக்கும் ஒரு மறுமொழியும் சொல்லாமல் குந்தியிருந்தாலே அவருக்குப் போதும். “சும்மா இருந்து விறைச்சுப்போட்டு வாறதுக்கு ஒரு லைசென்ஸ்!” என்று செலீன் பேசுவார்.

அந்த இருப்பு இல்லாவிட்டால் அவரால் மார்கழியைத் தாங்க முடியாது. மானுக்குக்கூட இரண்டு கிழமைதான் வேட்டைக்காலம், தனக்குக் கார்த்திகைக் கடைசியில் தொடங்கினால் தை மாதத்து மூன்று ராசாக்கள் திருநாள்வரை இழுக்கும் என்று அவர் யோசிப்பார். தொழிற்சாலையும் நத்தார்க் கிழமை பூட்டிவிடும், சொல்ல ஒரு சாட்டும் இராது. கரோல் பாட வருவார்கள். அஜக்சில் புதுவீடு வாங்கினவர்கள் ரெலிபோன் எடுத்து, கீழே பேஸ்மன்ற் முடித்திருக்கிறோம், கட்டாயம் வந்து பார்க்கவேண்டும் என்பார்கள். பேஸ்மன்றையும் பார்க்கலாம், றோல்ஸையும் தின்னலாம். தட்டைக் கையில் தந்த கையோடு வரும் கேள்விதான் அவரை உருக்குலைத்தது. தம்பியைப் பற்றி ஏதும் தகவல் வந்ததோ? 1990 ஆனியில், ஊரில் சண்டை திரும்பத் தொடங்கின நேரம், பாண் வாங்கச் சைக்கிளில் போன தம்பி திரும்பி வரவில்லை. அன்பாகத்தான் கேட்பார்கள். இன்னுமில்லை என்று இவர் சொல்லவேண்டும். அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பிறகு கேக் வரும். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி, அதே கேக். ஒரு நத்தாருக்குப் பத்துப் பதினைந்து தரம் தம்பி தொலைந்துபோவான்.

1995 கார்த்திகையில் காட்டில் வேளைக்கே பனி கொட்டியது. புதுத் தடமொன்றைக் கண்ட சீமோன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், பற்றைக்குள் ஏதோ அசையத் துவக்கைத் தோளில் வைத்தான். பற்றைக்கு அங்கால் செம்மஞ்சள் அங்கியோடு அகஸ்ரின் இருந்து சம்பல் பாண் தின்றுகொண்டிருந்தார். சீமோன் அப்படியே பனியில் குந்தியிருந்து குழந்தைப் பிள்ளைபோல அழுதான்.

“மச்சான், நீ இனி வரவேண்டாம். தடத்தைப் பாத்து நீயெண்டு நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது? உன்னைச் சுட்டுப்போட்டு செலீனுக்கு என்னத்தைச் சொல்லுவன்?”

அவன் சொன்னதில் பிழையில்லை. அகஸ்ரின் துவக்கை அவனுக்கே கொடுத்துவிட்டார். காடு அவருக்கு அப்படித்தான் இல்லாமல் போனது. அந்த நத்தாரைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்தினார். அடுத்த வருடம் கார்த்திகை வந்தபோது வடக்கு ஜன்னலடியில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்தார், ரெலிபோன்தான் அடித்தது.

1996 நத்தார் நாள் மத்தியானம் மூன்றாவது வீடாக ரூஜில் அன்புராசாவின் புதுவீட்டுக்குப் போனார்கள். வீட்டின் பின்பக்கம் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அன்புராசா பேஸ்மன்றுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு லைற்றாகப் போட்டுக் காட்டினார். அவர் மனைவி ரதி தட்டை நீட்டி, “அண்ணை, தம்பியின்ர புதினம் ஏதும்?” என்றார். “இல்லைத் தங்கச்சி” என்று அகஸ்ரின் சொன்னார். பிறகு தட்டை வோஷிங் மெஷினுக்கு மேலே வைத்துவிட்டு, பின்வளவுப் பக்கம் இருந்த பேஸ்மன்ற் கதவைத் திறந்து, போட்டிருந்த வீட்டுச் செருப்போடு வெளியே போனார்.

செலீன் தேடி வரும்போது நேரம் போய்விட்டது. பின்வளவு முழுக்கக் குளம்படி. அந்தப் பக்கத்து மான்கள் தினமும் வந்து வேலிச் செடியைக் கடித்துவிட்டுப் போவது வழக்கம். அன்புராசா பதறிப்போய்ப் பொலிசுக்கு ரெலிபோன் அடிக்கப் போனார்.

“பொலிசுக்கு என்னெண்டு சொல்லப்போறீங்கள்? மானைக் காணேல்லை எண்டோ?” என்ற செலீன், வாசல் குவியலில் கைக்கு வந்த சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இறங்கினார்.

இருபது வருடமாகச் சாப்பாட்டு மேசையில் புருசன் அளந்த வேட்டைக் கதைகளை அவர் அரைக் காதில்தான் கேட்டிருந்தார். அந்த அரைக் காது இப்போது உதவியது. பசித்த மான் செடிக்குச் செடி விலகிப் போகும். ஒரு தடம் மட்டும் எதையும் கடிக்காமல் நேரே போனது, கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கால் நின்று நின்று போனது. களைத்த மனிசனின் நடை அது. செலீன் அதைப் பிடித்துக்கொண்டார். தடம் ஆற்றங்கரைக்குப் போனதும் அவர் நடையை எட்டி வைத்தார். துரத்தப்படுகிற மான் தண்ணீருக்குள் இறங்கி நடந்தால் பிறகு மனிசராலும் நாயாலும் அதைக் கண்டுபிடிக்க ஏலாது என்பதும் அந்த மேசையில் கேட்டதுதான். ஆறு இன்னும் உறையவில்லை. கரையில் பனி மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. மனிசன் அதிலே கனநேரம் நின்றிருக்கிறார். ஒரு குளம்படி பாதி தண்ணீருக்குள் இருந்தது. செலீனுக்குக் கத்தி அழவேண்டும் போலிருந்தது. பிறகு, ஐயோ என் மாதாவே, தடம் திரும்பியிருந்தது. திரும்பி, கரையோரமாக ஆரும் மிதிக்காத நல்ல பனியில், ஆழமாக, குருடருக்கும் தெரிகிற மாதிரிப் போயிருந்தது.

அகஸ்ரின் ஒரு மரத்தடியில் சாய்ந்திருந்தார்.

“நீர் வாற சத்தத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மான் மிஞ்சாது” என்றார்.

செலீன் தன் சால்வையைக் கழற்றி அவர் காலைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தார். மூச்சு வாங்கி முடிந்த பிறகு கேட்டார். “ஆத்துக்க இறங்க வெளிக்கிட்டனீங்கள், என்ன?”

“ஓம்.”

“பிறகேன் திரும்பினனீங்கள்?”

“நீர் பின்னால வருவீர். உமக்கு நீந்தத் தெரியாது.”

இருவரும் இருந்தார்கள். குளிர் எலும்புக்கு ஏறின பிறகு எழும்பிப் போனார்கள். அன்புராசா வீட்டு வாசலில் நின்று செலீன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “தம்பியைப் பற்றி விசாரிக்கிறதெண்டால் இனி என்னட்டை விசாரியுங்கோ. அந்த மனிசனை விடுங்கோ.” கதை மல்வேர்ன், அஜக்ஸ் எல்லாம் போய்ச் சேர ஒரு கிழமை எடுத்தது.

அடுத்த நத்தாருக்கும் பனி பெய்தது. மூன்றாவது வீட்டில் அகஸ்ரின் தட்டை வைத்துவிட்டுப் பின்கதவால் போனார், இந்த முறை சப்பாத்துப் போட்டுக்கொண்டு. ஒருவரும் பதறவில்லை. விசாரிக்க வந்தவர்களுக்குச் செலீன் மறுமொழி சொன்னார், கேக்கைத் தின்று முடித்தார், கையைக் கழுவினார். பிறகு பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு, குளம்படியைப் பார்த்தபடி ஆறுதலாக நடந்தார்.