நாலாம் பாரத்தில் தங்கிவிட்ட கேள்வி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதத்தில், கோயமுத்தூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், பாவாத்தாள் என்ற மாணவி கேட்ட கேள்வி, கேட்டு முடித்த பிறகும் அந்த அறையை விட்டுப் போகவில்லை. சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பருத்தி விலை விழுந்து கிடந்தது. இருந்தாலும் ஊரைச் சுற்றிப் புது மில்களின் புகைபோக்கிகள் எழும்பிக்கொண்டிருந்தன. பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு முந்திய மணி சமய பாடத்துக்கு உரியது. முஸ்லிம் பெண்கள் அந்த மணியில் பக்கத்து அறைக்கு மெஹராஜ் டீச்சரிடம் போய்விடுவார்கள். மற்றவர்கள் தெய்வாத்தாள் டீச்சரிடம் இருப்பார்கள். அன்றைக்குப் பாடம் வினைப்பயன். நல்லது செய்தவர்க்கு நல்லது வரும், தீது செய்தவர்க்குத் தீது வரும் என்று தெய்வாத்தாள் விளக்கி முடித்தபோது பாவாத்தாள் எழுந்து நின்றாள்.

"டீச்சரம்மா, நீங்க என்னங்க பாவஞ் செஞ்சீங்க?"

அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. தெய்வாத்தாள் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில் பிறந்தவள். எட்டு வயதில் கல்யாணமாகி, ஒன்பது வயதில் தாலி அறுத்தவள். வெள்ளைச் சேலையோடு பட்டணம் போய்ப் படித்து டீச்சராக வந்தவள். பள்ளிக்கூடம் முழுக்க இது தெரியும். பாடத்தில் சொன்னபடி பார்த்தால் அப்படித்தானே கேட்க வேண்டும்? தெய்வாத்தாள் புத்தகத்தை மூடினாள். மணி அடித்தது, பெண்கள் சாப்பாட்டுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். காலி அறையில், பாவாத்தாள் எழுந்து நின்ற இரண்டாவது பெஞ்சுக்கு மேலே, அவள் வாய் இருந்த உயரத்தில், கேள்வி மறுபடி தன்னைக் கேட்டுக்கொண்டது.

அது பாவாத்தாளின் குரல்தான். பாவாத்தாள் வீட்டில் தூங்கும்போதும் கேட்டது. அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இளஞ்சூடாக மூச்சுப் பட்டது. பிளேக் காலத்தில் வீடு வீடாகப் புகை போடும் முனிசிபாலிட்டி ஆட்களை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் வரவழைத்தார். கதவைச் சாத்திக் கந்தகப் புகை போட்டார்கள். கேள்வி நன்றாக இருமிவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி கேட்டது. கணக்கு டீச்சர் அதற்கு மேல் சத்தமாக வாய்ப்பாடு சொல்லவைத்துப் பார்த்தார். வாய்ப்பாட்டுக்கு நடுவே இடைவெளி விடும்போதெல்லாம் அது பணிவாக உள்ளே நுழைந்தது.

தெய்வாத்தாளுக்கு அது புதுக் கேள்வி இல்லை. மாமியார் "எம் மகன முழுங்கினவ" என்று சொன்ன நாளிலிருந்து அவள் பதில் தேடிக்கொண்டிருந்த கேள்விதான் அது. ஏழு வயதில் மாரியம்மனுக்குப் படைக்கும் முன்னாலேயே பொங்கலில் ஒரு வாய் எடுத்துத் தின்றிருக்கிறாள். அணிலைக் கல்லால் அடித்திருக்கிறாள். கிணற்றில் எட்டிப் பார்த்துத் துப்பியிருக்கிறாள். இதில் எது புருஷனைக் கொன்றது என்று முடிவாகாமல், எல்லாவற்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டே அவள் முப்பது வயதைத் தாண்டியிருந்தாள்.

பள்ளிக் கமிட்டிக்குத் தலைவர் வேங்கடசாமிக் கவுண்டர். பஞ்சு அரைக்கும் ஆலை வைத்திருந்தவர். யாரையும் மரியாதை குறைத்துப் பேசி அறியாதவர். அவர் வந்து அறை நடுவில் நின்று, "ஏனுங்க, வெளிய வந்திருங்க. நாலு பேர் படிக்கற எடமுங்க" என்று கேள்வியிடமே சொன்னார். கேள்வி அவரிடமும் அதையேதான் கேட்டது. அவர் வீட்டில் தாலி அறுத்த தங்கை சுப்பாத்தாள், கல்யாண வீடுகளுக்குப் போகாமல், விசேஷ நாளில் முன்வாசலுக்கும் வராமல் இருபது வருஷமாக இருந்தாள். கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள இது போயிரோணும். போகலீன்னா, கேட்ட புள்ளையப் பள்ளிக்கோடத்த உட்டு அனுப்பிப்போடுங்க" என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று சாயங்காலம் பாவாத்தாள் தெய்வாத்தாளைத் தேடி வந்து அழுதாள். "உங்களக் குத்திக் காட்டோணும்னு கேக்கலீங்க. எங்கக்காளுக்காகக் கேட்டேனுங்க." அக்காள் சென்னியம்மாளைப் பங்குனியில் சத்தியமங்கலத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மலைக் காய்ச்சலில் மாப்பிள்ளை ஆனியில் போய்விட்டான். திரும்பி வந்த அக்காள் ஒரு மூலையில் உட்கார்ந்து, நான் என்ன செய்தேன், நான் என்ன செய்தேன் என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். டீச்சரம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டு வந்து அக்காளுக்குச் சொல்லலாம் என்று நினைத்தாளாம்.

தெய்வாத்தாள் மறுநாள் லீவு போட்டுவிட்டு அவிநாசிக்கு பஸ் ஏறினாள். கோயிலில் புராணம் சொல்லும் பெரியவர் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். இந்தப் பிறவியில் இல்லையென்றால் போன பிறவியில் செய்திருப்பாய் அம்மா என்றார். அதை அப்படியே கொண்டுவந்து இரண்டாவது பெஞ்சுக்கு முன்னால் நின்று சொன்னாள். கேள்வி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டது. பிறகு, அவள் ஒன்றுமே சொல்லாதது போல, முதலிலிருந்து கேட்டது.

இடைச்சுவர் வழியாக எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மெஹராஜ், முக்காட்டைச் சரிசெய்தபடி உள்ளே வந்தாள். "எங்க பக்கத்துல சின்னக் கொழந்தை பேர்ல பாவமே எழுத மாட்டாங்க தெய்வாத்தா. வயசுக்கு வந்த பொறகுதான் எழுதவே ஆரம்பிப்பாங்க."

"எங்க பக்கத்துல பொறக்கறதுக்கு முந்தியே எழுதிப்போட்டாங்களே" என்றாள் தெய்வாத்தாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் தெய்வாத்தாள் மட்டும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலையில், பள்ளியோடு ஒட்டியிருந்த ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் பாண்டி ஆடினார்கள். ஒருத்தி கால் இடறி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். கண்ணில் பட்ட முதல் ஆள் தெய்வாத்தாள் என்பதால் ஓடிவந்து அவள் மடியில் ஏறிக்கொண்டாள். வெள்ளைச் சேலையில் ரத்தம் பட்டது. ஊதிவிட்டு, மண்ணைத் துடைத்து, வயதென்ன கண்ணு என்று கேட்டாள். "ஒம்போதுங்க" என்றது பிள்ளை. கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மூக்கு ஒழுகியது. பால் குடி மறந்த ஆட்டுக்குட்டி அளவுக்குத்தான் கனம்.

இத்தனை வருஷமும் தன் ஒன்பது வயதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், பெரிய பாவங்கள் செய்யத் தெரிந்த ஒரு பெரிய மனுஷிதான் தெய்வாத்தாளின் மனதில் வந்தாள். அவள் இந்த உயரந்தான் இருந்திருப்பாள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இந்தக் கையைப் பிடித்துத்தானா வளையலை உடைத்தார்கள்? பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு ஆட்டத்துக்கு ஓடியது. தெய்வாத்தாள் ரத்தக்கறையைக் கழுவாமல் நாலாம் பாரத்துக்குப் போனாள்.

வாசலில் கவுண்டரும் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளும் நின்றிருந்தார்கள். பாவாத்தாள் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டது. தெய்வாத்தாள் மேடையை விட்டு இறங்கி, அதன் மூச்சு முகத்தில் படும் தூரத்தில் குனிந்து நின்றாள்.

"நான் ஒண்ணுஞ் செய்யலீங்க. நான் சின்னப்புள்ளைங்க."

பிறகு அவள் குரலே, அவள் வாய் மூடியிருக்கும்போது, கேள்விக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னொரு முறை அதைச் சொன்னது. கேள்வி நீளமாக மூச்சு விட்டது.

கவுண்டர் உள்ளே வந்து, பையை அவிழ்த்து வைக்கும்படி பாவாத்தாளுக்குக் கையைக் காட்டினார். "இது தெனமும் சொல்லுமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"பாக்கோணுமுங்க" என்றாள் தெய்வாத்தாள்.

சொன்னது. அன்றிலிருந்து, மதியச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், கேள்வி ஒரு தடவை கேட்கும். பதில் ஒரு தடவை சொல்லும். மற்ற நேரத்தில் இரண்டும் வகுப்பைத் தொந்தரவு செய்வதில்லை. முதலில் சென்னியம்மாள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கேட்டு முடித்ததும் தங்கையின் தூக்குப் போசியை வாங்கி, பல நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை கவுண்டரின் கார் வந்து நின்றது. சுப்பாத்தாள் இறங்கி உள்ளே போனாள். கவுண்டர் இறங்கவில்லை, வண்டிக்குள்ளேயே கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அதன் பிறகு கணக்கில்லாமல் வந்தார்கள். நரைத்தவர்கள் வந்தார்கள், தாவணி வயதுப் பெண்களும் வந்தார்கள். கமிட்டி பின்பக்கம் ஒரு நீளப் பெஞ்சும் மண்பானையில் தண்ணீரும் வைத்துக் கொடுத்தது. தெய்வாத்தாள் வினைப்பயன் பாடத்தை விட்டுவிடவில்லை. அந்த இடம் வந்ததும் நிறுத்தி, இரண்டு குரல்களும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, மேலே நடத்தினாள். முப்பத்தெட்டாம் வருஷம் வந்த ஸ்கூல் இன்ஸ்பெக்டர் இரண்டையும் கேட்டுவிட்டு, உச்சரிப்பு தெளிவாக இருப்பதாகச் சொல்லி அடுத்த பாடம் என்னவென்று விசாரித்தார். அதற்குள் ஊருக்கு எல்லாம் பழகிப் போயிருந்தது. காங்கயம் பக்கத்து பஸ்ஸிலிருந்து வெள்ளைச் சேலையோடு யாராவது தனியாக இறங்கினால், ஜட்கா வண்டிக்காரர்கள் எங்கே போகவேண்டும் என்று கேட்பதில்லை. கை கொடுத்து ஏற்றிக்கொண்டு, மத்தியான மணிக்கு முந்திப் போய்ச் சேரும்படி குதிரையைத் தட்டிவிடுவார்கள்.