சாக்பீஸ் கோடு

"வண்டிய ஓரங்கட்டு"ன்னாரு மெக்கானிக்கு. காலையில இருந்து இது ரெண்டாவது தடவ.

வண்டி ஓட்டிக்கிட்டிருந்த அவரு பொண்டாட்டி தையல்காரம்மா கண்ணாடியில பாத்தா, பின்னாடி லாரி ஒண்ணு வாலப் புடிச்ச மாதிரி வருது. "இப்ப என்னங்க?"

"இஸ்திரிப் பெட்டிய அணைச்சேனான்னு ஞாபகம் இல்ல."

"கோடு போட்டீங்களா?"

"அதான் தெரியல."

கேளுங்க இந்தக் கூத்த! முப்பத்தஞ்சு வருஷம் லிப்ட் ரிப்பேர் பாத்த மனுஷன். ஒரு நட்ட முறுக்கினா பக்கத்துல ஒரு சாக்பீஸ் கோடு கிழிச்சிட்டுத்தான் அடுத்ததத் தொடுவாரு. வேலையில இருந்த பழக்கம் வீட்டுக்கும் வந்துடுச்சு. வெளிய கெளம்பினா குழா, ஜன்னல், ஸ்விட்சு எல்லாத்துக்கும் கோடு. அதுவும் இவ துணி வெட்ட வச்சிருக்குற சாக்பீஸத் திருடி. தொடைச்சுத் தொடைச்சு இவ கைதான் தேஞ்சது. அப்பேர்ப்பட்டவருக்கு இன்னைக்கு மறதியாம்.

முதல் தடவ பாத்ரூம் குழான்னாரு. தெருமுனை தாண்டி அரைமணி நேரம் வந்தாச்சு, இருந்தாலும் திருப்பினா. உள்ள போனவரு கால்மணி நேரம் வரல. இவ ஹாரன அமுக்கி அமுக்கி எதுத்த வீட்டு நாயி கூட எழுந்து வந்துடுச்சு. வந்து உக்காந்து, "மூடித்தான் இருந்துச்சு"ன்னாரு. சட்டை தொப்பலா நனைஞ்சிருந்துது.

"பருத்திச் சட்டை போடுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேட்டாத்தானே."

"திரும்பிடலாம்"னாரு இப்ப. "நாளைக்குக் கெளம்பலாமே."

"நாளைக்கு நாளைக்குன்னே பதினோரு கோடை போச்சு! ஒவ்வொரு வருஷமும் எவன் வீட்டு லிப்டாவது நின்னுடும். நான் இந்த வயசுல வண்டி ஓட்டக் கத்துக்கிட்டது எதுக்கு? உங்களுக்கு மேலயும் கீழயும்தான் போகத் தெரியும், நேராப் போகத் தெரியாது. வீடு எரிஞ்சா எரியட்டும். கடலப் பாக்காம நான் திரும்ப மாட்டேன்."

அவரு சிரிச்சாரு. "சரி தாயே, ஓட்டு."

"ஏசியக் கூட்டு"ன்னாரு கொஞ்ச தூரம் போனதும்.

"இதுக்கு மேல கூட்டினா ரெண்டு பேரும் ஐஸ்கட்டியாத்தான் போய்ச் சேருவோம்."

பெட்ரோல் பங்க்ல நிறுத்தினா. காப்பிக்கடையில வரிசை. முன்னாடி நின்னவன் ஆறு பேருக்கு ஆறு விதமாச் சொல்லிக்கிட்டிருந்தான். இவளுக்கு அங்கயும் எரிச்சல். ரெண்டு கப்போட திரும்பி வந்தா, அவரு பக்கத்துக் கதவு தொறந்திருக்கு. ஒரு கால் தரையில, ஒரு கால் வண்டியில.

"ஒண்ணு எறங்குங்க, இல்ல ஏறுங்க. இது என்ன பாதியில?"

அவரு தலை சீட்டுல சாஞ்சபடியே கெடந்துச்சு.

"கோவமாக்கும்." கப்ப வண்டி மேல வச்சா. "காப்பி ஆறுது."

கிட்ட வந்தா. "காப்பி ஆறுதுங்க"ன்னு மறுபடியும் சொன்னா. மூணாவது தடவ சொல்ல ஆரம்பிச்சு, முடிக்கல.

ஆஸ்பத்திரியில டாக்டர் பொண்ணு சின்னப் பொண்ணுதான். மெதுவாக் கேட்டுச்சு. "காலையில இருந்து உங்ககிட்ட ஏதாவது சொன்னாராம்மா? நெஞ்சு வலிக்குது, கை வலிக்குதுன்னு?"

"இஸ்திரிப் பெட்டி"ன்னா இவ.

அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலன்னு எழுதிக்கிச்சு.

மத்தியானம் மக வந்து சாவிய வாங்கிக்கிட்டா. அவர ஏத்தின ஆம்புலன்ஸ் பின்னாடி வருது, இவங்க முன்னாடி. வழியெல்லாம் மக அழுதுக்கிட்டே ஓட்டினா. இவ, "இண்டிகேட்டர் போடு, போடு"ன்னு சொல்லிக்கிட்டே வந்தா.

வீட்டத் தொறந்ததும் வாசல் பக்கத்துலயே நாற்காலி. அது அங்க இருக்குற நாற்காலி இல்ல, சாப்பாட்டு மேசையிலிருந்து ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போட்டிருக்கு. கீழ ஒரு டம்ளர், பாதி தண்ணியோட. பாத்ரூம் குழா அந்தக் கோடியில இருக்கு.

"யாரும்மா இத இங்க போட்டது?"ன்னா மக.

இவ நேரா தையல் ரூமுக்குப் போனா. இஸ்திரிப் பெட்டி நிமித்தி வச்சிருக்கு, ஒயரச் சுத்தி முடிச்சுப் போட்டிருக்கு. ஸ்விட்சுக்குப் பக்கத்துல செவத்துல ஒரு கோடு. நல்லா அழுத்தி, நீளமா.

மக ஈரத்துணியோட பின்னாடியே வந்தா. "ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்கம்மா. அப்பா எல்லா எடத்துலயும் கிறுக்கி வச்சிருக்காரு, தொடைச்சிடறேன்."

"துணிய வையி."

"இல்லம்மா, ஒரே நிமிஷம்..."

"வையிங்குறேன்ல!"

மக துணிய வச்சிட்டு வெளிய போனா. தெருவுல வண்டி வந்து நிக்குற சத்தம், கதவு தொறக்குற சத்தம். இவ கைய நீட்டி இஸ்திரிப் பெட்டியத் தொட்டுப் பாத்தா.

சில்லுன்னு இருந்துச்சு.