காலியாயிருந்த பாதி

ரமணிக்கு ஐம்பதை நெருங்கும் வயதில்தான் கல்யாணம் கூடி வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாகவே காலம் தள்ளியவள். தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். திருச்செல்வத்துக்குக் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. மனைவி சீதாலெட்சுமியைப் பறிகொடுத்து ஆறு வருடமாகிறது. தோள்பட்டை வலியென்று ரமணியிடம் வந்தவர், வலி போன பிறகும் வந்துகொண்டிருந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

பழைய வீடுகள் இரண்டுமே வேண்டாமென்று பூச்சோங்கில் ஒரு வீடு வாங்கினார்கள். உள்ளலங்காரத்துக்கு மலர் என்ற பெண்ணை ஏற்பாடு செய்தார்கள்.

"முதல்ல மூட் போர்டு ஒண்ணு போட்டுருவோம் அக்கா" என்றாள் மலர். "உங்களுக்குப் புடிச்ச கலர், துணி, படம், எதுவா இருந்தாலும் அனுப்புங்க. எல்லாத்தையும் ஒரே அட்டையில ஒட்டிப் பாத்தா, உங்க மனசுல இருக்கிற வீடு எப்படின்னு தெரிஞ்சிரும். வலது பக்கம் உங்களோடது, இடது பக்கம் அங்கிளோடது."

ரமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டினாள். போர்ட்டிக்சன் கடற்கரையில் விடியற்காலையில் எடுத்த போட்டோவைத் தேடிப் பிடித்து, அந்தக் கடலின் நீலத்துக்கு ஏற்ற துணிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினாள். எத்தனையோ மாதமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த சாம்பல் நிற சோபாவின் படமும் மலருக்குப் போயிற்று. அட்டையின் வலது பாதி நிரம்பி வழிந்தது. இடது பாதி காலி.

மலர்தான் போன் செய்தாள். "அங்கிள் ஒண்ணுமே அனுப்பல அக்கா. கேட்டா, 'ரமணிக்குப் புடிச்சா எனக்கும் ஓகே லா'ங்கறாரு. சில ஆம்பளைங்க அப்படித்தான், நீங்க கவலப்படாதீங்க."

ரமணியால் கவலைப்படாமல் இருக்க முடியவில்லை. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு 'ஓகே' சொல்கிற நோயாளிகளை அவள் தினமும் பார்க்கிறவள்.

சனிக்கிழமை ரயிலேறிக் கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனாள். திருச்செல்வம் தேநீர் கலந்து வந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"உங்களுக்கு இந்தக் கல்யாணம் வேணுமா, வேணாமா?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "ஏன் ரமணி இப்படிக் கேக்கறீங்க?"

"வீட்டுக்கு உங்களுக்குன்னு ஒரு ஆசைகூட இல்லையே. ஒரு கலர்கூடவா புடிக்காது?"

அவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு என்ன புடிக்கும்னு எனக்கே தெரியல. கல்யாணமான நாள்லேர்ந்து எல்லாத்தையும் சீதாதான் பாத்துக்கிட்டா. யோசிச்சுப் பாத்தா, அவ வெச்சதுதான் கண்ணு முன்னால வருது. அதைக் கொண்டுவந்து உங்க வீட்டுல ஒட்டினா நல்லாவா இருக்கும்?"

"உங்க வீடுன்னா? அது நம்ம வீடு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ரமணியின் கோபம் வந்த வழியே போய்விட்டது.

"சரி, கண்ணு முன்னால வருதுன்னீங்களே, அது என்ன? காட்டுங்க."

தயங்கித் தயங்கி அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். ஜன்னலை ஒட்டிய சுவர் முழுக்க வாழைக்குருத்தின் பச்சை. வெயில் பட்டு, அறையே வெளிச்சமாக இருந்தது.

"இது அவ அடிச்ச பெயிண்டு. அவ போனதுக்கப்புறம் ஹால்ல உக்கார முடியல. இங்கதான் உக்காந்து பேப்பர் படிப்பேன். இங்க இருந்தா மூச்சு விட முடியுது."

ரமணி சுவரைத் தொட்டுப் பார்த்தாள். முகம் பார்த்தறியாத ஒருத்தியின் கைபட்ட சுவர். பார்க்காதது போல அவளால் திரும்பிப் போயிருக்க முடியும். கைப்பேசியை எடுத்து அதைப் படம் பிடித்தாள்.

"மலருக்கு அனுப்பட்டுமா?"

"உங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

"கொஞ்சம் இருக்கு" என்றாள் ரமணி. "ஆனா உங்களுக்குப் புடிச்சது ஒண்ணுமே இல்லாத வீட்டுல நீங்க விருந்தாளி மாதிரி உக்காந்திருந்தா, அது இன்னும் வருத்தம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஏதோ கட்டு அவிழ்ந்தது போல வீடு முழுக்க அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். இந்தப் பிரம்பு நாற்காலி பிடிக்கும். இந்தக் கதவின் கைப்பிடி பிடிக்கும். ஹாலுக்கு வந்ததும் மேலே தொங்கிய சரவிளக்கைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"இது மட்டும் எனக்குப் புடிக்கவே புடிக்காது. சீதாகிட்ட சொன்னதே இல்ல."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். "எங்கிட்டயாவது சொல்லிருங்க" என்றாள் ரமணி.

அடுத்த வாரம் மலரின் அலுவலகத்தில் அட்டையைப் பார்த்தார்கள். நீலமும் பச்சையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. மலர் உதட்டைப் பிதுக்கினாள். வெளிர் மரத்துண்டு ஒன்றை எடுத்து இரண்டுக்கும் நடுவில் வைத்தாள், தள்ளினாள், பச்சையைச் சமையலறைக்கென்று ஓரமாக நகர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் அட்டை ஒரு வீடு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

"சூப்பர்! அப்ப சோபாவுக்கு ஆர்டர் கொடுத்திரவா?"

திருச்செல்வம் சோபாத் துணியின் மாதிரியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "மலர், ஒரு நிமிஷம். இது சொரசொரன்னு இருக்கும்மா. எனக்கு வேணாம்."

ரமணி வெடுக்கென்று திரும்பினாள். "எத்தனை மாசமா பாத்து வெச்சிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். ஆனா எனக்குப் புடிக்கல ரமணி."

அவளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, மழைவிட்ட வெயில் மாதிரி, ஒரு சந்தோஷமும் வந்தது. இருந்தாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் வாதாடிக்கொண்டிருந்ததில், மலர் கோப்பி குடிக்கக் கீழே இறங்கிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து பூச்சோங்குக்குக் குடிபோய்விட்டார்கள். ஹாலில் இன்னும் சோபா இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் கடைகளுக்குப் போகிறார்கள். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். யாராவது ஒருவர் தலையை ஆட்ட, எழுந்து வந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதைக்குப் பாய்தான்.