இன்னும் அரைக்கட்டை

ஜன்னலுக்கு வெளியே மின்கம்பி. கம்பியில் வரிசையாக மழைத்துளிகள். ஒன்று விழுகிறது. அடுத்தது காத்திருக்கிறது.

பெரம்பூர் ஸ்டுடியோவின் ஒரே ஜன்னல் அது. அதன் கீழே உட்கார்ந்து ஜெரோம் கிதாரின் சுருதியை இறக்குகிறான். அரைக்கட்டை. சத்தமில்லாமல்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மைக்கின் முன்னால், ஸ்டான்லி தொண்டையைச் செருமிக்கொள்கிறான். நாற்பது வருடமாக இவனோடு ஒரே மேடையில் நின்ற ராக் பாடகன். இருபது வயதில் அவன் உச்சத்தைத் தொட்டால் கல்லூரி மைதானமே எழுந்து நிற்கும். என்ன குரல் அது! படுபாவி, என்ன குரல்!

முப்பத்தைந்தில் ஒருநாள் அந்த உச்சம் உடைந்தது. மறுநாள், அது அவனுக்கு எட்டும்படி, ஜெரோம் முதல்முறையாக அரைக்கட்டை இறக்கினான். அவனிடம் சொல்லவில்லை. பாட்டு சரியாக வந்தது, ஸ்டான்லி சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் எல்லாம்.

பிறகு ஒரு மழைக்காலம். இன்னும் அரைக்கட்டை. ஸ்டான்லி காய்ச்சலில் கிடந்து எழுந்த வருடம். இன்னும் அரைக்கட்டை. அவன் மனைவி போய்ச் சேர்ந்த வருடம். இன்னும் அரைக்கட்டை.

"அதே பழைய கட்டதானடா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான் ஸ்டான்லி.

"அதேதான்டா." கூசாமல் சொல்வான் ஜெரோம்.

இன்று கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. இருவரும் முதன்முதலில் சேர்ந்து போட்ட பாட்டு. இது வராவிட்டால் ஆல்பம் எதற்கு?

ஸ்டான்லி பாடுகிறான். உச்சம் வருகிற இடத்தில் வாய் திறக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. காற்று மட்டும் வருகிறது. மறுபடியும். மறுபடியும் காற்று.

ஜெரோம் இன்னும் அரைக்கட்டை இறக்குகிறான். தடித்த கம்பி கொடிக்கயிறு மாதிரி தொய்ந்துவிட்டது. தட்டினால் மரத்தில் பட்டுக் கரகரக்கிறது. இதற்குக் கீழே போக இடமில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்டான்லி வெளியே வருகிறான். பக்கத்தில் உட்கார்ந்து, தொய்ந்த கம்பியை ஒற்றை விரலால் அமுக்கிப் பார்க்கிறான்.

"இன்னும் எவ்ளோடா எறக்குவ?"

ஜெரோம் கிதாரின் முறுக்காணியிலிருந்து கையை எடுக்கிறான்.

"மொத நாள்லேர்ந்தே தெரியும் மச்சான். நான் கண்டுபுடிச்சிட்டேன்னு தெரிஞ்சா நீ ஒடஞ்சிடுவ. அதான் அதே கட்டயான்னு கேட்டுட்டே இருந்தேன். போதும்டா. கெளம்பலாம்."

ஜெரோம் அழுகிறான். மறைக்க எதுவும் மிச்சமில்லாத அழுகை. பொய் இருந்தவரை பாட்டும் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை.

கிதாரின் கம்பிகளை அவன் திரும்ப ஏற்றவில்லை. ஏற்றி, யாருக்கு வாசிக்க?

மழை விட்டிருக்கிறது. மின்கம்பியில் ஒரே ஒரு துளி. கீழே இறங்கித் தொங்குகிறது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

பிறகு வெறும் கம்பி.