தண்ணி மாரிச்சாமி மகள்

"எனக்கு இன்னொரு சொம்பு தண்ணி வேணும்."

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் இதை மட்டும் கேட்கவே கூடாதென்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

நான் வேலுத்தாய். பி.எஸ்சி. விலங்கியல். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் குடிப்பேன். குடித்தது செத்த நேரத்தில் பச்சைத் தண்ணீராகவே வெளியே போய்விடும். சர்க்கரை நோயோ என்று அம்மாவும் கொல்லையில் குனிந்து பார்த்தாள். எறும்பு மொய்க்கவில்லை. அதனால் இது நோயில்லை, கொழுப்பு என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை சுந்தரம்மாள், சுவரோரம் சொம்போடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"டீக்கடையில வழி கேட்டோம். தண்ணி மாரிச்சாமி வீடான்னு கேட்டாக. அப்பன்தான் தண்ணின்னா மகளுமா?"

"எங்கப்பா சாராயத்தைத் தொட்டதில்ல. அவிய குடிக்கிறது குழாத் தண்ணி."

"எல்லாத் தண்ணிக்காரனும் வீட்ல அப்படித்தாம்மா சொல்லிவச்சிருப்பான்."

கூடமே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்கு ஆத்திரம். மில் வாட்ச்மேன் வேலை அந்தப் பெயரால்தான் போனது. ஒன்றுக்குப் போக அடிக்கடி கேட்டை விட்டு நகர்ந்தவரை, தண்ணியடிக்கப் போகிறான் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அப்போதும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்தார்.

வந்தவர்கள் போனதும் அம்மா அடுக்களையைப் பூட்டினாள்.

"ஒரு நாளு குடிக்காமக் கெட. பழக்கம் தன்னால விட்டுரும்."

மத்தியானத்துக்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கொல்லைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. பழக்கமென்றால், குடிக்காதபோது அதுவும் குறைந்திருக்க வேண்டாமா? இதை அம்மாவிடம் வாதாட எழுந்தவள் தலைசுற்றி விழுந்தேன். அப்பா அம்மிக் குழவியால் பூட்டை உடைத்து என் வாயில் சொம்பை வைத்தார். வாழ்நாளில் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அம்மாவே என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். டாக்டர் தங்கபாய் என்னைப் படுக்கவைத்து, ரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டே தண்ணீரை நிறுத்திப் பார்த்தார். சிறுநீர் அப்போதும் பச்சைத் தண்ணீராகத்தான் போனது. பிறகு மதுரையிலிருந்து வரவழைத்த சொட்டு மருந்தை மூக்கில் விட்டார்.

சாயங்காலம் அம்மா வராந்தாவில் ஓடிவந்தாள்.

"டாக்டரம்மா, மஞ்சளாப் போறா! எம்மக மஞ்சளாப் போறா!"

வராந்தாவில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாக்கில் எச்சில் ஊறியிருந்தது. இத்தனை நாளும் தாகம் இல்லாமல் இருப்பது எப்படி இருக்குமென்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

டாக்டர் விளக்கினார். "தண்ணி கொறைஞ்சா ரத்தத்துல உப்பு கூடும். மூளைக்கு அடியில இருக்கிற கொஞ்சம் செல்லுக்கு அது தெரிஞ்சிரும். உடனே ஒரு ஜீனை முடுக்கி விடும். அந்த ஜீனை வச்சு ஒரு ஹார்மோனைச் செஞ்சு, சிறுநீரகத்துக்குத் தண்ணியை விடாதேன்னு சொல்லியனுப்பும். மூக்குல விட்டது அந்த ஹார்மோன் மாதிரி மருந்துதான். உனக்கு அந்த ஜீன்ல ஒரு பிழை இருக்கணும். தாகம் எடுக்க எடுக்க, செல்லு பிழையான சரக்கைத்தான் கூடுதலாச் செய்யும். அது உள்ளேயே தேங்கி, செல்லையே அழிச்சிருதுன்னு நினைக்காங்க."

"அப்ப தண்ணியைப் பூட்டி வச்சது?" என்று கேட்டேன்.

"கெடுதல்தான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டத்தான் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை.

"வீட்ல வேற யாரும் இப்படிக் குடிப்பாங்களா?"

"எங்க வீட்டுக்காரரு," என்றாள் அம்மா. "ஊரே அவியளத் தண்ணிம்பாக."

"கூட்டிட்டு வாங்க."

ராஜபாளையத்தில் வீட்டுக்குள் நுழைந்தால் தரகர் ஆண்டிச்சாமி காத்திருந்தார்.

"மாப்பிள்ளை வீட்ல சம்மதமாம் தாயி! ஆஸ்பத்திரியில உங்களப் பாத்திருக்காக. ஆனா நோய், மருந்துன்னு ஒரு பேச்சு வெளிய வரக்கூடாதாம். கல்யாணத்தன்னிக்கு அப்பா கொஞ்சம் பின்னால நிக்கட்டும்னாக. அந்தப் பேரு இருக்குல்ல..."

"மாமா, எனக்குப் பொறக்குற பிள்ளைக்கும் இது வரலாம். பாதிக்குப் பாதி. அதை மறைக்க மாட்டேன். எங்கப்பாவையும் மறைக்க மாட்டேன். வேண்டாம்னு சொல்லிருங்க."

"ஏட்டி, படிச்ச திமிரா? யோசிச்சுச் சொல்லு."

"பஸ்ல வரும்போதே யோசிச்சாச்சு."

அம்மா ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் உள்ளே போய் அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்துவந்தாள்.

"எங்கட்டி, இந்நேரத்துல?" என்றார் அப்பா.

"டாக்டர்கிட்ட. ஏழு மணி வரைக்கும் இருப்பாகளாம். நடங்க."

தரகர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.